காரியும் வாயிலும்: ‘வாடிவாசல்’ காட்டும் மனத்தின் இருள்

சின்னமனூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழாய்வாளர் நெஞ்சில் முதற்கண் எழுவன பாண்டியர் செப்பேடுகளே. மதுரையில் சங்கம் நிறுவியதையும் பாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதையும் பாண்டியர் குடியின் பெருமைகளாக எடுத்தோதும் பெரிய செப்பேடு அவ்வூரிற் கிடைத்ததாகும். மேற்கு மலைத்தொடருக்கும் வருசநாட்டு மலைகளுக்கும் இடையே, முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் அமைந்தது அவ்வூர். செப்பேடு பொறிக்கப்பட்டு ஆயிரம் ஆண்டு கழிந்தபின், அதே ஊரின் பெயரைத் தம் பெயரின் தலைப்பெழுத்தாகத் தாங்கிய ஒருவர் தமிழிலக்கியத்தில் நிலைத்த இடம் பெற்றார். அவரே சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா (1912–1998). செப்பேடு வேந்தர்தம் மானத்தையும் வெற்றியையும் புகழ்ந்தது. செல்லப்பாவின் சிறு நாவல், மானம் என்னும் சொல்லுக்குள் மறைந்து கிடக்கும் இருளை ஆராய்ந்தது.

‘வாடிவாசல்’ 1959ஆம் ஆண்டு வெளிவந்தது. அவ்வாண்டு சனவரியிலேயே செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். புதுக்கவிதைக்கும் திறனாய்வுக்கும் அவ்விதழ் ஆற்றிய பணி பலராலும் ஆராயப்பட்டுள்ளது. ஆயின், பிறர் நூல்களை நுணுகி நோக்கிய அத்திறனாய்வாளரின் சொந்தப் படைப்பு, அவர் வற்புறுத்திய அதே நுணுக்கத்தோடு நோக்கப்பட்டதா என்பது ஐயமே. சல்லிக்கட்டின் சிறந்த ஆவணம் என்று இந்நூலைப் பாராட்டி அமைவோர் பலர். 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அவ்விளையாட்டைத் தடை செய்ததும், 2017 சனவரியில் தமிழகமெங்கும் கிளர்ச்சி எழுந்து சட்டத்திருத்தம் பிறந்ததும், 2023 மே 18இல் அத்திருத்தம் செல்லும் என அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்ததும் யாவரும் அறிந்தன. அவ்வழக்கின் நிழலில் இந்நாவலும் ஒரு சான்றாவணமாக மட்டும் படிக்கப்படும் இடர் நேர்ந்துள்ளது. விளையாட்டை ஆதரிப்போர் இதில் வீரத்தைக் காண்பர். எதிர்ப்போர் கொடுமையைக் காண்பர். இருதிறத்தாரும் காளையையே நோக்குகின்றனர். நாவலாசிரியரோ, காளையை நோக்கும் மனிதரை நோக்குகின்றார். இவ்வேறுபாட்டை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் அதன் அமைப்பும்

கதை மிகச் சுருங்கியது. செல்லாயி சல்லிக்கட்டு நிகழும் களத்திற்குப் பிச்சி என்னும் இளைஞன், மருதன் துணையோடு வருகின்றான். அவன் தந்தை அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரன். சமீன்தாரின் காரி என்னும் காளையை அணைய முயன்று, அதன் கொம்புக்கு இரையானவன். மகன் அக்காரியை எதிர்நோக்கி நிற்கின்றான். களத்தின் பழங்கதைகளை அறிந்த கிழவர் ஒருவர், கேட்பவன் மகனென்று முதலில் அறியாமலே அம்புலியின் புகழையும் முடிவையும் பேசுகின்றார். காரி வெளிப்படுகின்றது, பிச்சி அதனை அடக்குகின்றான், தானும் புண்படுகின்றான். தோல்வியுற்ற காளை வெறிகொண்டு ஆற்றுப் பக்கம் ஓடி, எதிர்ப்பட்டோரைத் தாக்குகின்றது. சமீன்தார் அதனைத் தம் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கின்றார்.

இவையனைத்தும் ஒரே நாளில், ஒரே களத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு நீங்காமல் நிகழ்கின்றன. கதைமாந்தரின் உள்ளத்தைப் பிளந்து காட்டும் ஆசிரியர் கூற்று மிகக் குறைவு. வட்டாரப் பேச்சும், உடலின் அசைவும், கூட்டத்தின் ஆரவாரமுமே நூலை நடத்திச் செல்கின்றன. இத்தகைய அமைப்பில் உள்ளத்தின் ஆழத்தை உணர்த்தும் பொறுப்பு யாரிடம் சேர்கின்றது? பொருள்களிடமே சேர்கின்றது. காளை, வாயில், துப்பாக்கி என்னும் மூன்றும் அப்பொறுப்பைத் தாங்குகின்றன. ஆசிரியர் சொல்லாது விட்டதை அவை சொல்லுகின்றன.

காரி என்னும் உள்ளுறை

குறியீடு என்பது மேலைத் திறனாய்விலிருந்து நமக்கு வந்த கலைச்சொல்லாயினும், அதன் பண்பு தமிழுக்குப் புதிதன்று. தெய்வம் ஒழிந்த பிற கருப்பொருள்களை இடமாகக் கொண்டு பிறப்பது உள்ளுறை என்று தொல்காப்பியம் வரையறுத்தது. புலவன் நிலத்தின் விலங்கையும் பறவையையும் பாடுவான். கேட்போன் அவற்றின் வழியே தலைமக்களின் ஒழுக்கத்தை உணர்வான். இவ்வரையறையில் ‘தெய்வம் ஒழிந்த’ என்னும் விலக்கு நம் பொருளுக்கு மிகவும் பயன்படுவதாகும்.

கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு உள்ளது. அங்கே பட்டத்துக் காளை என ஒரு காளையைத் தெரிந்து மக்கள் வழிபடுகின்றனர். மாட்டுப்பொங்கலன்று சுற்றூர்களிலிருந்து மக்கள் திரண்டு அத்தொழுவை நாடுகின்றனர். அதே பள்ளத்தாக்கில் அய்யம்பட்டியும் பல்லவராயன்பட்டியும் சல்லிக்கட்டுக்குப் பெயர் பெற்றவை. ஆக, ஒரே நிலத்தில் காளை தொழுவில் தெய்வமாகவும், களத்தில் எதிரியாகவும் நிற்கக் காண்கின்றோம். செல்லப்பா தெய்வமாகிய காளையை எடுத்துக்கொள்ளவில்லை. வழிபாட்டுக்குரிய காளையின்மேல் மனிதன் தன் அச்சத்தையும் அன்பையும் ஏற்றலாம். தன் பகையை ஏற்றுதல் அரிது. அவர் எடுத்துக்கொண்டது, உடையவனின் பெயரைச் சுமந்து களத்துக்கு வரும் விலங்கையே. தெய்வத்தன்மை ஒழிந்த அக்காளையே உள்ளுறைக்கு இடமாயிற்று.

காரி என்னும் பெயர் கருமையைக் குறிப்பது. இருளைக் குறிக்கும் பெயருடைய காளை நாவலின் நடுவே நிற்றலின், இருள் அக்காளையினுடையது என்று முதற்படிப்பில் தோன்றும். கதைமாந்தரும் அவ்வாறே கருதுகின்றனர். அம்புலியைக் கொன்றது அது, அஞ்சத்தக்கது அது, வெல்லப்பட வேண்டியதும் அது. ஆயின் நூலை மறுமுறை படிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். காரி எவரையும் தேடிச் செல்லவில்லை. அடைத்து வைத்த இடத்திலிருந்து திறந்துவிடப்படுகின்றது. தன்மேல் விழும் கைகளை உதறுகின்றது. அதற்குத் தந்தையும் தெரியாது, மகனும் தெரியாது. பழி, புகழ், பட்டி தொட்டியெங்கும் பேசப்படும் பெயர் ஆகியவற்றுள் ஒன்றும் அதனுடையதன்று. கருமை அதன் தோலில் இருக்கின்றது. இருளோ அதனைச் சூழ நின்றவர் நெஞ்சில் இருக்கின்றது. பெயரால் நம்மை ஒருபுறம் நோக்கச் செய்து, நிகழ்ச்சியால் மறுபுறம் திருப்புவதே இக்குறியீட்டின் ஆற்றல்.

வாயிலின் இருபொருள்

நூற்பெயராக அமைந்த வாடிவாசல், தொழுவிலிருந்து காளை களத்துக்கு வெளிப்படும் குறுகிய வழி. இதனை அடைபட்ட உணர்ச்சி வெளிப்படும் வாயில் என்று எளிதாகப் பொருள் கொள்ளலாம். அப்பொருள் தவறன்று, ஆயின் போதாது. வாயில் என்னும் சொல்லுக்கு அகப்பொருள் மரபில் வேறொரு பொருளும் உண்டு. ஊடி நிற்கும் தலைவியிடம் தலைவன்பொருட்டுச் செல்லும் பாணனும் விறலியும் பிறரும் வாயில்கள் எனப்பட்டனர். நேரே பேசமுடியாத இருவரை இணைப்பது வாயில்.

இப்பொருளை மனங்கொண்டு நாவலை நோக்கினால், அதன் நடுவுள்ள உறவு விளங்கும். பிச்சியும் சமீன்தாரும் நேரே மோதமுடியாதவர்கள். ஒருவர் களத்தில் இறங்கும் நிலையினர் அல்லர். மற்றவன் அவர் எதிரே தலைநிமிர்ந்து நிற்கும் நிலையினன் அல்லன். இவ்விருவர்க்கும் இடையே உள்ள தொலைவைக் கடக்கவல்லது காளை ஒன்றே. பிச்சி காளையின் திமிலைப் பற்றும்போது, எட்டமுடியாத ஒருவரின் பெயரையே பற்றுகின்றான். காளை அடங்கும்போது, உயரத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரின் தலையே தாழ்கின்றது. அகப்பாடலில் வாயில் ஊடலைத் தீர்த்து இருவரைச் சேர்த்து வைத்தது. இங்கோ வாயில் பகையைச் சுமக்கின்றது. முடிவில் அதுவே கொல்லப்படுகின்றது.

சமீன் முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நூல் வெளிவந்தபோது அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டு சென்றிருந்தது. போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர் முதலாய பல சமீன்களைக் கண்டது இந்நிலப்பகுதி. உரிமைப் பத்திரங்கள் மறைந்தபின்னும் பெயரின் பெருமை மறைவதில்லை என்பதை இம்மண்ணின் வாசகர் நன்கறிவர். நிலத்தின்மீது செலுத்திய ஆட்சியைச் சட்டம் நீக்கலாம். ஒரு காளையின் கொம்புகளுக்கிடையே கட்டிவைத்த ஆட்சியை எச்சட்டமும் நீக்குவதில்லை.

முல்லைக்கலியினின்றும் விலகிய இடம்

இந்நாவலைப் பேசுவோர் கலித்தொகையை நினைவூட்டத் தவறுவதில்லை. சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியின் 17 பாடல்களுள் முற்பட்டவை ஏறுதழுவுதலைப் பாடுகின்றன. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையும் அம்மரபைப் பேணுகின்றது. ஈராயிரம் ஆண்டு மரபின் தொடர்ச்சி என இந்நாவலைப் போற்றுவதில் பிழையில்லை. ஆயின் தொடர்ச்சியினும் விலகலே திறனாய்வாளன் கருதத்தக்கது.

முல்லைக்கலியில் ஏறுதழுவுதல் மணத்தை நோக்கியது. ஆயமகள் காண நிற்கின்றாள். ஏற்றினைத் தழுவியவன் அவளை அடைகின்றான். குருதி சிந்தினும் அதன் முடிவு குரவையும் கூட்டமுமாம். தழுவுதல் என்னும் சொல்லே அன்பின் சொல்லாகும். ‘வாடிவாசல்’ களத்திலோ காத்து நிற்கும் மகள் இல்லை, மணமும் இல்லை. அவள் நின்ற இடத்தில் இறந்துபோன தந்தை நிற்கின்றான். காதலின் இடத்தைப் பழி கைக்கொண்டது. கூட்டத்தின் இடத்தைத் தனிமை கைக்கொண்டது. வடிவம் மாறாமல் உள்ளீடு மாறிவிட்ட இந்நிலையே நாவலின் துயரம். நாட்டு வழக்கில் இன்றும் மாடு ‘அணைதல்’ என்றே கூறுகின்றனர். பகையோடு செய்யும் செயலுக்கும் அன்பின் பெயரே வழங்குகின்றது.

வேற்றுமொழி நாவல்களுடன் ஒப்புநோக்கல்

மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ (1851) தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் தேடித் திரியும் ஏகாப்பின் கதை. அங்கே விலங்கு தப்புகின்றது; பழிவாங்க வந்தவனே கப்பலோடு அழிகின்றான். கோல்டிங் எழுதிய ‘ஈக்களின் தலைவன்’ (1954), ‘வாடிவாசலுக்கு’ ஐந்தாண்டு முன்னர் வெளிவந்தது. ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய சிறுவர் காட்டில் ஒரு கொடிய விலங்கு உண்டென்று அஞ்சுகின்றனர். அவ்விலங்கு தம்முள்ளேயே இருப்பதை அறியாமல் தம்முள் ஒருவனையே கொல்கின்றனர். ஒருவரை ஒருவர் பின்பற்றினார் என்பது எம் கருத்தன்று. வேற்றுமையை அறியவே ஒப்பிடுகின்றோம்.

ஏகாப் அழிவதால் அவனது வெறிக்கு ஒரு தண்டனை கிடைத்தது என்று வாசகன் அமைதி கொள்ளலாம். கோல்டிங்கின் தீவுக்கு இறுதியில் ஒரு கப்பல் வந்து சேர்கின்றது, சிறுவர் அழுகின்றனர். செல்லப்பா அத்தகைய அமைதியைத் தரவில்லை. இங்கே மாந்தர் பிழைத்திருக்கின்றனர், விலங்கு இறக்கின்றது. வென்றவனும் வாழ்கின்றான், தோற்றவரும் வாழ்கின்றார்; அவர்தம் மானத்தைச் சுமந்ததே மாண்டது. தண்டனை, குற்றமற்றதைச் சென்று சேர்ந்தது. இவ்வகையில் தமிழ்க் குறுநாவலின் முடிவு அவ்விரண்டினும் இருண்டது என்று கூறத் துணிகின்றோம்.

துப்பாக்கியின் ஒலி

சல்லிக்கட்டின் நெறி யாவரும் அறிந்ததே. வெறுங்கையோடு காளையை அணைதல் வேண்டும், கருவி கூடாது. இசுப்பானிய நாட்டுக் களத்தில் காளை வாளுக்கு இரையாதல் விதி. இங்கோ காளை உயிரோடு வீடு திரும்புதல் விதி. ஆகவே காரியின் சாவு விளையாட்டின் விளைவன்று. அது விளையாட்டு முடிந்தபின், களத்துக்கு வெளியே, களத்தில் இடமில்லாத கருவியால், அதனை வளர்த்தவர் கையாலேயே நிகழ்கின்றது. இந்நான்கு கூறுகளையும் ஆசிரியர் ஒருங்கே அமைத்தது தற்செயலன்று. வீரத்தின் நெறி எல்லை கடவாதவரை இருளை அடக்கி வைத்தது. நெறி முடிந்த இடத்தில் இருள் தன் முகத்தைக் காட்டியது.

ஈண்டு ஒரு தடை எழலாம். வெறிகொண்ட காளை மக்களைத் தாக்கியதன்றோ? மேலும் உயிர்கள் போகாமல் காக்கவே சமீன்தார் சுட்டார் எனின், அஃது அறமன்றோ? இத்தடை வலியுடையது, இதனைத் தள்ளிவிட்டு இந்நாவலை விளக்குதல் நேர்மையாகாது. சுட்டது தேவையே என்று யாமும் கொள்கின்றோம். ஆயினும், காரி வென்று வந்த நாளில் இதே வெறி கொண்டிருப்பின் அத்துப்பாக்கி அத்துணை விரைவில் உயர்ந்திருக்குமா என்னும் வினா வாசகன் நெஞ்சைவிட்டு அகல்வதில்லை. காவலும் மானமும் ஒரே விரலில் கூடி அவ்விசையை அழுத்தின. எது எவ்வளவு என்று பிரித்தறிய அவராலும் இயலாது, நம்மாலும் இயலாது. தீமை என்று தெரிந்து செய்யும் தீமையை நாம் எளிதில் அடையாளம் காண்போம். நன்மையோடு இரண்டறக் கலந்து நிற்கும் தீமையை அடையாளம் காணுதல் அரிது. நாவல் தொடும் இருள் இதுவே.

பிச்சியின் நெஞ்சிலும் இதே கலப்பு உண்டு. தந்தைமேற் கொண்ட அன்பு அவனைக் களத்துக்குக் கொணர்ந்தது. அவ்வன்பைக் குறை கூறுவார் யார்? ஆயின் அன்பு தன் வடிவாக வேறெதனையும் காணாமல் வெற்றியை மட்டுமே கண்டது. தந்தைக்குச் செய்யும் கடனை ஒரு வாயில்லா உயிர்மேல் தீர்த்தான். அவன் வென்ற நொடியில் கூட்டம் ஆர்த்தது. அவ்வாரவாரமே சமீன்தாரின் இழிவும் ஆயிற்று. ஒருவன் பெயர் நிமிர மற்றொருவர் பெயர் சாயவேண்டும் என்னும் கணக்கில், இடையே நின்ற காளை இரு பக்கத்துக் கடனையும் செலுத்தியது.

கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு. கிழவரின் பேச்சு அம்புலியின் நினைவைப் போற்றுவதாகத் தொடங்கி, மகனின் நெஞ்சில் கனலை மூட்டுவதாக முடிகின்றது. அவர் தீயவர் அல்லர்; பரிவு மிக்கவர். ஆயினும் ஊர் மறவாதிருக்கும் கதையே ஒருவனை மறக்கவிடாத தளையுமாகும்.

மானமும் ரோசமும்

நாவலின் மாந்தர் தம் உணர்ச்சிக்கு ‘இருள்’ என்று பெயரிடவில்லை. ரோசம் என்றே வழங்குகின்றனர். மதுரை, தேனி வட்டாரங்களில் ‘ரோசக்காரன்’ என்பது பாராட்டு. ‘ரோசங்கெட்டவன்’ என்பது வசை. சினத்தைக் குறித்த வடசொல், நம் நாட்டுப் பேச்சில் மானத்தைக் குறிக்கும் சொல்லாகப் பொருள் திரிந்தது. திருவள்ளுவர் மானத்துக்கு ஓர் அதிகாரமும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து இரண்டையும் வேறுபடுத்தினார். பேச்சு வழக்கோ இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டது. அவ்வொரு சொல்லின் மறைவில் சினம் மானத்தின் உடையை அணிந்து நடமாடுகின்றது. நூலின் இறுதியில் ஊர்ப்பேச்சு, விலங்குக்கு வந்த ரோசத்தையும் மனிதனுக்கு வந்த ரோசத்தையும் ஒருசேர வைத்து எண்ணிப் பார்க்கின்றது. பின்னர், எப்படியும் அது விலங்குதானே என அமைந்துவிடுகின்றது. அவ்வமைதியில் ஆசிரியர் உடன்படுகின்றாரா? நூல் முழுவதும் காளை செய்தவற்றையும் மனிதர் செய்தவற்றையும் கண்டு வந்த வாசகன் அவ்வளவில் அமைய இயலாது என்றே கருதுகின்றோம்.

குறைகளையும் கூறுதல் நடுவுநிலையாகும். சமீன்தாரின் உள்ளம் நமக்கு மிகக் குறைவாகவே காட்டப்படுகின்றது. இறுதிச் செயலின் முழு எடையும் அதனால் புறத்தோற்றத்தின்மேலேயே விழுகின்றது. அம்புலியை இழந்த குடும்பத்துப் பெண்டிரின் குரல் களத்தை எட்டுவதேயில்லை. இவற்றைச் சுருக்கத்தின் விலை எனலாம். முன்னது குறியீட்டுக்கு வலிமை சேர்த்தது. பின்னது நூலின் பார்வையைக் குறுக்கியது.

‘வாடிவாசல்’ சல்லிக்கட்டுக்கு ஆதரவாகவோ எதிராகவோ எழுதிய சான்றன்று. விளையாட்டு நிகழ்வதும் நிகழாமையும் சட்டத்தின்பாற்பட்டவை. மனத்தின் வாயில் திறப்பதும் அடைபடுவதும் அதன்பாற்பட்டவை அல்ல. தொழுவில் நாம் வணங்கும் உயிரின்மேல், களத்தில் நம் பெயரை எழுதி அனுப்புகின்றோம். அது தோற்றுத் திரும்பினால் பொறுப்பதில்லை. சின்னமனூர்ச் செப்பேட்டில் பெயர்கள் செம்பில் பொறிக்கப்பட்டன. அதனால் எவ்வுயிருக்கும் ஊறில்லை. உயிருள்ள ஒன்றன்மேல் பெயரைப் பொறிக்கும்போதே இருள் தொடங்குகின்றது என்பதே செல்லப்பாவின் சிறு நூல் நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.